மூட்டத்தில் முப்பத்தோரு கெண்டை

அந்த வருஷம் மார்கழி பதினெட்டாம் தேதி விடியலில் எங்கள் கொட்டாங்கல் குளம் கரைக்குக் கரை உறைந்துபோனது, உறைவதற்குக் கொஞ்சம் முந்தியே குளத்திலிருந்த முப்பத்தோரு கெண்டையும் தண்ணீரை விட்டு எழும்பி மூட்டத்துக்குள் வந்துவிட்டன, வந்தவை கரை தாண்டி, பூண்டு வயல் தாண்டி, ரேஷன் கடைக் கூரை தாண்டி ஊருக்குள் மெதுவாக நீந்திக்கொண்டிருந்தபோது நாங்கள் எல்லாரும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தோம்.

முதலில் பார்த்தது நான்தான். கொல்லையில் முட்டைக்கோஸ் பாத்திக்குப் பக்கத்தில் ஒரு கெண்டை என் முகத்துக்கு நேரே நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. அதன் மீசையில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. நான் கையிலிருந்த சாணி வாளியை வைத்துவிட்டு மதினி வீட்டுக்குப் போய், "ஒங்க மீனு வெளிய வந்திருச்சு மதினி" என்றேன். மதினி குருவம்மாள், என் வீட்டுக்காரருக்கு மூத்தவள், முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த கோதுமையிலிருந்து தலையைத் தூக்கி, "எத்தன?" என்று மட்டும் கேட்டாள்.

காரணம் கேட்டவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். கொடைக்கானலுக்கு மேலே, பஸ் வந்து திரும்புகிற கடைசி ஊரில், வருஷத்தில் நாலு மாசம் எதிரே நிற்கிற புருஷன் முகமே தெரியாத மூட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு, மூட்டமும் ஒருவகைத் தண்ணீர்தான் என்பதை மீன் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டாங்கல் குளம் அம்மனுடையது, அதன் மீனைப் பார்த்துக்கொள்வது அவள் வீட்டுப் பொறுப்பு. அந்த மீனை யாரும் பிடிக்க மாட்டோம், தின்ன மாட்டோம். குளிர் பிறந்தால் இரை போடுவதை நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் குளிரில் மீனின் குடல் உறங்கிவிடும், உள்ளே போனது செரிக்காது, வயிற்றிலேயே அழுகி ஆளைக் கொன்றுவிடும். மறுபடி எப்போது போடலாம் என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு கணக்கு உண்டு. பொழுது உச்சிக்கு வருமுன் குளத்தில் முழங்கால் ஆழத்தில் நின்று முளைப்பாரிக் கும்மியைப் பாட வேண்டும். அந்தப் பாட்டில் எங்கள் அம்மன் அடிவாரத்திலிருந்து மேடு மேடாக நின்று நின்று ஏறி வருவாள், மேட்டுக்கு ஒரு கண்ணியாக இருபத்தோரு கண்ணி, கடைசிக் கண்ணியில் குளத்தில் முகம் கழுவுவாள். பல் கிட்டாமல் இருபத்தோரு கண்ணியும் பாட முடிந்தால் தண்ணீர் பக்குவம். அன்றைக்குத்தான் கோதுமையில் வளர்த்த முளைப்பாரியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளத்தில் கரைப்போம். அந்த இளம் முளைதான் மூன்று மாசப் பட்டினிக்குப் பிறகு மீனுக்கு முதல் இரை, பச்சைப்பிள்ளைக்குக் கஞ்சித் தெளிவு கொடுப்பதுபோல.

இது அத்தனையும் தெரிந்த மதினிதான் அதற்கு முந்தின வருஷம் தைப்பொங்கல் அன்று தப்புச் செய்தாள். மகள் பிள்ளை பெற்ற சேதி வந்த நாள். வெயில் சுள்ளென்று அடித்தது. சந்தோஷத்தில் ஒரு படி அரிசிச் சர்க்கரைப் பொங்கலையும் கொண்டுபோய்க் குளத்தில் போட்டாள். மீன்கள் மேலே வந்து அவள் கையிலேயே வாங்கித் தின்றன. மறுநாள் மறுபடி உறைபனி இறங்கியது. ஏழு நாளில் நாற்பத்திரண்டு கெண்டை வயிறு ஊதி மல்லாந்து மிதந்தன. ஊரில் ஒருத்தரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

ஊர் சும்மா இருந்தாலும் மேட்டில் விடுதி கட்டிக்கொண்டிருந்த ஆள் சும்மா இல்லை. அவருக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும், குளம் அவர் வாசலுக்கு நேராக இருந்தது. செத்து மிதந்த மீன்களைப் போட்டோ எடுத்து, இது குளம் இல்லை, நாற்றம் பிடித்த பள்ளம் என்று மனுப் போட்டார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைக்கிறவர்கள் எங்கேதான் இல்லை. மேலே இருந்து ஓர் உத்தரவு வந்தது. அடுத்த மாசி பத்தாம் தேதி அதிகாரி வந்து பார்ப்பார். மீன் வாழ்ந்தால் குளம், வாழாவிட்டால் பள்ளம், பள்ளம் என்றால் மண் போட்டு மூடப்படும்.

அந்தக் காகிதம் வந்த வருஷம் பார்த்துத்தான் மீன்கள் கிளம்பி ஊருக்குள் வந்திருந்தன.

ஊர் அவற்றை எப்படி வைத்துக்கொண்டது என்று கேட்டால், வந்த விருந்தாளியை எப்படி வைத்துக்கொள்வோமோ அப்படித்தான். புகை பட்டால் செவுள் எரியும் என்று மதினி சொன்னதால் விறகடுப்பை எல்லாரும் அணைத்தோம், கேஸ் இருந்த வீடுகளில் சமைத்து இல்லாத வீடுகளுக்குக் கொடுத்தோம், வெந்நீர் இல்லாமல் ஆம்பளைகள் வாரக்கணக்கில் குளிக்காமல் திரிந்ததைப் பெரிய தியாகம்போலச் சொல்லிக்கொண்டார்கள். மூட்டம் காய்ந்துவிடாமல் இருக்க வாசலுக்கு வாசல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டோம், சுவரெல்லாம் பூஞ்சணம் பூத்தது. அதிர்ச்சி ஆகாது என்பதால் உரல் இடிக்கவில்லை, ஒரு கல்யாணம் வேட்டு இல்லாமல் நடந்தது, பஸ் டிரைவர் ஊர் எல்லையிலேயே ஹாரனைக் கைவிட்டு முதல் கியரில் ஊர்ந்து வந்தார். சுற்றுலா வந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே வாலைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினால், மூட்டத்தில் கண் அப்படித்தான் ஏமாற்றும் என்று கண்டக்டர் சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்த மூன்று மாசமும் ஊரில் ஒரு வீட்டிலும் கருவாட்டுக் குழம்பு வைக்கவில்லை. விருந்தாளி வீட்டில் இருக்கும்போது அவர்கள் சொந்தக்காரரைக் குழம்பு வைப்பது மரியாதை இல்லை.

பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளுக்குத்தான் சங்கடம். சாயங்காலம் மதினி எண்ணிக்கை கேட்டு வருவாள், முப்பத்தொன்று வரவில்லை என்றால் விடமாட்டாள். அதனால் வரப்புச் சண்டையில் ஆறு வருஷமாக முகம் பாராதவர்கள்கூட வேலிக்கு அப்பால் நின்று, யாரையோ கேட்பதுபோல, அங்கிட்டு ஒண்ணு வந்துச்சா என்று கேட்க வேண்டியிருந்தது. வந்துச்சு என்று பதிலும் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது இரை போடாமல் இருப்பது. கட்டிலுக்கு மேலே வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிற உயிரைப் பார்த்துக்கொண்டு நாம் மட்டும் சாப்பிடுவது சாதாரணம் இல்லை. ஒருநாள் நான் மடியிலிருந்து நாலு பொரியை எடுத்துவிட்டேன். எங்கிருந்து பார்த்தாளோ, மதினி வந்து என் கையில் ஓங்கி அடித்தாள், பொரி சிதறியது. "வாயத் தெறக்குறதெல்லாம் பசி இல்லடி. ஒரு வருசம் நான் கொன்னது போதும்" என்றாள். எனக்குக் கை வலித்தது, அதைவிட அவள் குரல் வலித்தது.

வீட்டுக்காரர்கள் வெளியே போனபோது வீட்டைக் கழுவுவதுபோல அந்த நேரத்தில் குளத்தைச் சுத்தம் செய்தோம். ஐஸ் இளகியதும் அடியில் மக்கிக் கிடந்த இலையையும் கறுப்புச் சேற்றையும் கூடை கூடையாக அள்ளினோம். தண்ணீரை முழுக்க மாற்றவில்லை. மூன்றில் ஒரு பங்கை வடித்துவிட்டு ஊற்றுத் தண்ணீர் விட்டோம், பழைய தண்ணீர் இருந்தால்தான் திரும்பி வருகிறவர்களுக்குத் தங்கள் வீடு என்று தெரியும். தை பிறந்ததும் மதினி நாள்தோறும் குளத்தில் இறங்கினாள். தைக் கடைசியில் ஏழு கண்ணி. மாசி ஐந்தாம் தேதி பதினொன்று. அதற்குள் உடம்பு நீலம் பாரித்து, உதடு கோணி, நாங்கள் தூக்கிக் கரைக்குக் கொண்டுவருவோம்.

பஞ்சாயத்துத் தலைவர் பெருமாள்சாமி மாசி பத்துக்கு நாள் எண்ண ஆரம்பித்தார். நல்ல மனுஷர், ஆனால் காகிதம் என்றால் காய்ச்சல் வரும் ஆள். பத்து மீனையாவது பிடித்துத் தண்ணீரில் விட்டு வைப்போம், அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனதும் எடுத்துக்கொள்வோம் என்று மதினியிடம் தினமும் வந்து கெஞ்சினார். மீன் என்ன பாத்திரமா, விருந்துக்கு இறக்கிவிட்டுக் கழுவிப் பரணில் ஏற்ற, என்று கேட்டுவிட்டு அவள் கோதுமையைப் புடைத்தாள்.

மாசி பத்தாம் தேதி காலை அதிகாரி தயாளன் ஜீப்பில் வந்து இறங்கினார். முப்பது வயசு இருக்கும், குளிருக்குக் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார், கையில் கனத்த பதிவேடு. கரையில் ஊரே நின்றது. அவர் தலைக்கு மேலே இரண்டு கெண்டைகள் போயின, ஒன்று அவர் துண்டை முகர்ந்து பார்த்தது. அவர் அதைப் பார்த்தார், ஒதுங்கி வழிவிட்டார், பிறகு குளத்தை எட்டிப் பார்த்தார்.

"மீன் இருக்கும்மா, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா தண்ணியில இல்லையே. இந்தக் கட்டத்துல 'நீரில் உள்ள மீன்கள்'னுதான் போட்டிருக்கு."

மூட்டம் தண்ணீர் இல்லாமல் வேறென்ன என்று நாங்கள் கேட்டோம். அதற்குத் தனிக் கட்டம் இல்லை என்றார். கொஞ்ச நாள் பொறுத்து வாருங்கள் என்று மதினி கேட்டாள், நேற்றைக்குப் பதினாலு கண்ணி நின்றேன், இருபத்தொன்று நிற்கிற அன்றைக்கு அவர்களே இறங்குவார்கள் என்றாள். கண்ணி என்பது எத்தனை டிகிரி என்று அவர் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அவர் பேனா மூடியைக் கழற்றினார். நிதானமாகக் கழற்றினார், ஏனென்றால் அந்தப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாதாம், ஒரு புள்ளி வைத்தாலும் வைத்ததுதானாம்.

அப்போதுதான் தலைவர், "இந்தா, இந்தா, தண்ணியில ஒண்ணு கெடக்கு சார்" என்று கத்தினார்.

கிடந்தது. முதுகில் எலுமிச்சம்பழம் அளவு வெள்ளைத் தழும்பு உள்ள பெரிய கெண்டை, தலைவர் வீட்டு மச்சில் தங்கியிருந்தது. விடிவதற்குள் அதை வேட்டியில் பொதிந்து கொண்டுவந்து படித்துறையோரம் விட்டிருக்கிறார். மூட்டத்துக்குப் பழகிய உடம்பு தாங்காமல் பதினாலு கண்ணித் தண்ணீரில் அது ஒருக்களித்துக் கிடந்தது, செவுள் எப்போதாவது ஒருமுறை அசைந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார், அவர் முகம்கூடத் தெளிந்தது. உயிர் இருக்கிறது, ஒன்று என்று போட்டுவிடுகிறேன், ஒன்று இருந்தாலும் குளம்தான் என்றார். பேனா கட்டத்துக்கு மேலே போனது. எங்கள் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

மதினி தண்ணீரில் இறங்கினாள். இரண்டு கையையும் மீனுக்கு அடியில் கொடுத்து, தொட்டில் பிள்ளையை எடுப்பதுபோல அதைத் தூக்கி, நெஞ்சுயரத்துக்குக் கொண்டுவந்து, மூட்டத்தில் விட்டாள். அது கொஞ்ச நேரம் அவள் கைக்கு மேலேயே நின்றது. பிறகு வாலை ஒருதரம் அடித்து, நிமிர்ந்து, சோலைப் பக்கம் போனது.

"இப்பத் தண்ணியில ஒண்ணும் இல்ல சார். எழுதிக்கங்க" என்றாள்.

அதிகாரி பேனாவைக் கட்டத்திலிருந்து விலக்கினார். அந்த ஒன்றை எழுதியிருந்தால் குளம் தப்பித்திருக்கும் அல்லவா என்று கேட்டார். எழுதி முடிக்கிற நேரத்தில் அது செத்திருக்கும் என்றாள் மதினி. தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மீனக் கொன்னு கொளத்தக் காப்பாத்தணுமா? எதுக்கு, வெறுந்தண்ணியக் கும்புடவா? மண்ணக் கொண்டாந்து கொட்டுங்க சார், பாத்துக்கிறோம். அதுக அதுக நேரத்துக்குத்தான் எறங்கும். சர்க்கார் நேரத்துக்கு எறங்காது."

அவர் கட்டத்துக்குள் ஒரு பூஜ்ஜியம் போட்டார். கட்டத்தின் வலது ஓரத்தில், சின்னதாக, தயங்கித் தயங்கி. பங்குனி பன்னிரண்டாம் தேதி லாரி வரும் என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் மதினியைத் திட்டினார்கள் என்பதை மறைக்க மாட்டேன். கொழுப்பு என்றார்கள், வீம்பு என்றார்கள், முந்தின வருஷம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னார்கள். என் வீட்டுக்காரரும் சொன்னார். மதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், ஒருவிதத்தில் அவளுக்கு அது தேவையாக இருந்ததுபோல நிம்மதியாகச் சாப்பிட்டாள். மறுநாள் காலை குளத்துக்குப் போனபோது நானும் அவளோடு இறங்கினேன். எனக்கு அவள் செய்தது சரி என்று தோன்றியது, அதைச் சொல்ல வாய் வரவில்லை, கால் வந்தது. அதற்கு மறுநாள் ஏழு பேர். வாரம் முடிவதற்குள் திட்டின வீட்டுப் பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்று, பல் கடகடக்கப் பாடினார்கள். லாரி வருகிறவரைக்கும் குளம் எங்களுடையது, அதுவரைக்கும் அதில் நின்று பாடுவோம், அம்மன் எத்தனை மேடு ஏறுகிறாளோ ஏறட்டும் என்று நின்றோம்.

பதினாறு கண்ணி ஆன அன்று முளைப்பாரிக்குக் கோதுமை ஊறப்போட்டோம். வெயில் ஏற ஏற மூட்டம் மெலிந்தது. மீன்கள் தாழ்ந்து தாழ்ந்து வந்தன, முன்பு கூரை உயரத்தில் போனவை இடுப்புயரத்தில் போயின, மத்தியான நேரத்தில் மூட்டம் கலைந்தால் சாக்கு மறைவிலும் சோலை ஈரத்திலும் ஒண்டிக்கொண்டன. நாங்கள் வாளியும் கையுமாக வாசல்களை நனைத்துக்கொண்டே இருந்தோம். பதினெட்டு. பத்தொன்பது. பங்குனி பதினொன்றாம் தேதி இருபதாவது கண்ணியில் மதினிக்கு உதடு கோணியது. ஒரு கண்ணி பாக்கி.

பன்னிரண்டாம் தேதி காலையில் மண் லாரி மூன்று வந்து கரையில் நின்றன, பின்னால் ஜீப். வருஷத்தின் கடைசி மூட்டம் அன்றைக்கு, தரையோடு தரையாக, பால் கொதிக்கும் முன் எழும்புகிற ஆவி மாதிரி. நாங்கள் யாருக்காகவும் நிற்கவில்லை. மதினி இறங்கினாள், நாங்கள் இறங்கினோம், பாடினோம். அதிகாரி கரையில் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பத்துக் கண்ணி ஆனதும் லாரி டிரைவர்கள் இன்ஜினை அணைத்தார்கள், பாட்டுக் கேட்கவில்லையாம். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. மதினி குரல் நடுங்கவில்லை. இருபத்தோராம் கண்ணியில் அம்மன் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகம் கழுவினாள், நாங்களும் கழுவினோம், தண்ணீர் முகத்தில் இதமாக இருந்தது.

பிறகு அவசரமே இல்லாமல் ஊருக்குள் திரும்பிப் போய் முளைப்பாரியைத் தலையில் தூக்கிவந்தோம். அறுபது சட்டி, ஒரு சாண் உயரத்துக்கு வெளிர் மஞ்சளாக முளை. வீடு வீடாகக் கடக்கக் கடக்க, சாக்கை விலக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ரேஷன் கடையிலிருந்து மூன்று, பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்து, தலைவர் வீட்டு மச்சிலிருந்து ஒன்றும் இல்லை, தழும்புக்காரன் அதன்பிறகு அங்கே போகவே இல்லை, அவன் சோலையிலிருந்து வந்தான். எங்கள் முழங்காலை உரசிக்கொண்டு, லாரிச் சக்கரங்களுக்கு ஊடே நுழைந்து, அதிகாரியின் செருப்பைச் சுற்றிக்கொண்டு போய், மூட்டம் எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத இடத்தில் தண்ணீருக்குள் இறங்கிவிட்டன.

மதினி ஒரே ஒரு சட்டியிலிருந்து ஒரு பிடி முளையை மட்டும் கிள்ளிப் போட்டாள். மற்றதை நாளைக்கு, மறுநாளைக்கு என்று ஒதுக்கி வைத்தாள். தழும்புக்காரன் மேலே வந்து ஒரு முளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

"இப்ப எண்ணுங்க சார்" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மீன் நின்றா காட்டும், ஐந்துதரம் விட்டு விட்டு எண்ணினார், கடைசியில் முப்பத்தொன்று என்று அவர் சொன்னபோது ஏற்கெனவே எங்களுக்குத் தெரிந்திருந்தாலும் பலருக்குக் கண் நிறைந்தது. ஆனால் பதிவேட்டில் பூஜ்ஜியம் மையில் இருந்தது. அடிக்கக்கூடாது, திருத்தக்கூடாது. அவர் நெடுநேரம் அதையே பார்த்தார். லாரிகளைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, கட்டத்தின் ஓரத்தில் தயங்கி உட்கார்ந்திருந்த அந்தப் பூஜ்ஜியத்தைத் தொடாமல், அதற்கு முன்னால் ஒரு மூன்றும் ஒரு ஒன்றும் போட்டார்.

அப்படியாக சர்க்கார் பதிவேட்டில் எங்கள் குளத்து மீன் முந்நூற்றுப் பத்து. லாரிகள் மண்ணோடு மலையிறங்கின. விடுதிக்காரர் கார் நிறுத்த வேறு மேடு பார்த்துக்கொண்டார்.

தலைவருக்கு மட்டும் இன்னும் தூக்கம் சரியில்லை. யாராவது வந்து எண்ணினால் என்ன பதில் சொல்வது, கொடைக்கானலிலிருந்து குஞ்சு வாங்கிவந்து விட்டுவிடலாமே என்று வருஷம் ஒருதரம் மதினியிடம் போய் நிற்பார். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கமாட்டாள். தழும்புக்காரனும் அவன் வகையறாவும் ஒவ்வொரு சித்திரையிலும் கரையோரப் புல்லில் முட்டையிடுகிறார்கள். போன மாசம் எண்ணியதில் நூற்று எண்பத்தேழு. மிச்சமும் வரும், அதனதன் நேரத்துக்கு வரும், சர்க்காருக்கு வேண்டுமானால் அவசரம் இருக்கலாம், எங்களுக்கு ஒன்றும் இல்லை.